ஊர் நடுவே கைப்பிடி

கொத்தனபள்ளி வில் கம்பெனியில், வில்லின் ஜோடி சேராத கையை அதை ஒட்டினவரே வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்லுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் கைப்பிடி. இரண்டு கைகளும் ஒரே வலுவோடு வளைய வேண்டும். ஒன்று முரடாகவும் மற்றது சாதுவாகவும் இருந்தால், அம்பு வீட்டுக்கு வழி தெரியாத குடிகாரனைப் போலப் போகும். அதனால் அச்சிலிருந்து எடுத்த ஒவ்வொரு கைக்கும் அதே வலுவுள்ள இன்னொன்றைத் தேடுவார்கள். ஜோடி கிடைக்காததை அலமாரியில் போடக் கூடாது. தனியாகக் கிடந்தால் பசை விட்டுப்போய் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

திம்மராயனிடம் இருந்தது ஒரு கீழ்க்கை. மரச் சீவலுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி இழைத் தகடு வைத்து, பசை தடவி, அச்சில் இறுக்கி, சூட்டடுப்பில் வேகவைத்து அவர்தான் அதைச் செய்தார். அன்றைக்கு அவர் மனைவியின் திதி. பசையைக் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டார் போலிருக்கிறது. எதற்கும் பொருந்தாத ஒரு வலு அதற்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று, மனைவி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அதைச் சாய்த்து வைத்தார். அது அங்கேயே தங்கிவிட்டது. சோறு கேட்காது, டிவி சத்தம் ஜாஸ்தி என்று முணுமுணுக்காது. சாயங்காலமானால் திம்மராயன் அதற்குக் கம்பெனி வம்பெல்லாம் சொல்லுவார். சுவாரசியமான இடம் வந்தால் அதன் நுனி லேசாக முன்னால் வளையும். சப்பென்று போனால் நிமிர்ந்துகொள்ளும். அதற்காகவே அவர் கொஞ்சம் பொய் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூட வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விடுவான்.

இப்படி இருக்கையில், ஜோடி பார்க்கும் சூப்பர்வைசர் சம்பங்கி பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

“திம்மண்ணா, உங்க பிள்ளைக்கு ஜோடி கெடைச்சிருச்சு!”

“யாருது?”

“முன்னே ஒட்டற செக்ஷன்ல இருந்த நாகவேணியக்கா இல்ல, வடக்குக் கோடி வீடு? அவங்க வீட்ல ஒரு மேல்கை ரொம்ப நாளா உக்காந்திருக்கு. எடை தொங்கவிட்டுப் பார்த்தேன். உங்களுது வளைஞ்ச அதே வளைவு. ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றோம்.”

“இப்ப என்ன அவசரம்?”

“அவசரமா? இன்னும் விட்டா ரெண்டுக்கும் நரைச்சிரும்ணா.”

ஜோடி சேர்ந்த கைகளைக் கைப்பிடியில் முடுக்கி, பெட்டியில் போட்டு, எந்த நாட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். போன கைகள் எதுவும் திரும்பி வந்து எட்டிப் பார்த்ததில்லை. திம்மராயன் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

சனிக்கிழமை காலையில் அதைத் தூக்கித் தகரக் கூரைமேல் வெயிலில் போட்டார். சூட்டில் பசை இளகினால் கை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கின கையை யாரும் எடுக்க மாட்டார்கள். மத்தியானம் வரைக்கும் தாங்கினார். பிறகு மனசு கேட்காமல் ஏறி எடுத்து ஈரத்துண்டில் சுற்றினார். முறுக்கு விழுந்துதான் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் சொன்ன எந்த வம்புக்கும் அது வளையவில்லை. ரொம்ப நல்ல பொய்யாக ஒன்று சொன்னார். அதற்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சம்பங்கி, பேக்கிங் பெண்கள் நாலைந்து பேர், பின்னால் நாகவேணி. மகன் துபாய்க்குப் போனதிலிருந்து அந்த அம்மாளின் வீட்டில் அவளும் மேல்கையும்தான். பட்டுத்துண்டில் சுற்றி, தலைப்பக்கம் ஒரு முழம் கனகாம்பரம் வைத்து, அதைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தாள். திம்மராயன் கேசரியும் பஜ்ஜியும் வைத்தார். பஜ்ஜி கருகியிருந்தது.

சம்பங்கி கீழ்க்கையை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தான்.

“என்னண்ணா இது, இடது பக்கமா முறுக்கியிருக்கே!”

“வெயில் ஜாஸ்தி இல்ல?” என்றார் திம்மராயன், பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு.

அவன் மேல்கையை எடுத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “இது வலது பக்கமா முறுக்கியிருக்கு. அதே அளவு.”

“இட்லிப் பானை பக்கத்துல இருந்துச்சு. ஆவி பட்டிருக்கும்,” என்றாள் நாகவேணி. அவளும் பஜ்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அதை இழுக்கும், அது இதை இழுக்கும். நாண் நட்டநடுவுல நிக்கும். பொருத்தம்னா இதான் பொருத்தம்!” என்றான் சம்பங்கி. தட்டு மாற்றிக்கொண்டார்கள். இனி யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை.

கைப்பிடி எவ்வளவு நீளம் என்பதை மட்டும் வளர்த்தவர்கள் சொல்ல வேண்டும். அது கம்பெனி வழக்கம். திம்மராயன் கருகின பஜ்ஜிகளைத் தனியே ஒதுக்கினார். நாகவேணிதான் வாயைத் திறந்தாள்.

“எங்க வீட்ல இருந்து இவர் வீடு வரைக்கும்.”

“நடுவுல ஊர் இருக்கேக்கா.”

“இருக்கட்டும். அதுபாட்டுக்கு இருக்கட்டும்.”

சம்பங்கி தலையாட்டிக்கொண்டு பஜ்ஜியை முடித்தான்.

மறுவாரம் மேல்கையை வடக்குக் கோடியில் அவள் வீட்டுச் சுவரிலும், கீழ்க்கையைத் தெற்குக் கோடியில் இவர் வீட்டுச் சுவரிலும் வைத்து முடுக்கினார்கள். நடுவில் கொத்தனபள்ளி ஊரே கைப்பிடியாக இருந்தது. நாணைக் கூரைகளுக்கு மேலே இழுத்துக் கட்டினார்கள். குறுக்கே நின்ற செல்போன் கோபுரத்தைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள்; நகர்ந்துகொண்டது. இவ்வளவு பெரிய பெட்டி கம்பெனியில் இல்லாததால் வில்லை எங்கேயும் அனுப்பவில்லை.

பிறகு இழுத்துப் பார்க்க வேண்டுமே. கம்பெனி ஆட்கள் எல்லாரும் ஏரிக்கரையில் நின்று நாணைப் பிடித்து இழுத்தார்கள். நாணை இழுக்க இழுக்க வில்லின் இரண்டு நுனிகளும் நெருங்கி வரும். நுனிகளோடு வீடுகளும் வந்தன. ரேஷன் கடை ஒதுங்கி வழிவிட்டது. நாகவேணி வீட்டு வாசல்படி திம்மராயன் வீட்டு வாசல்படியில் வந்து மெதுவாக முட்டி நின்றது.

அவள் உள்ளே போய் இரண்டு தட்டுகளோடு வந்தாள்.

“கீரைக் குழம்பு. உப்பு முன்னேபின்னே இருக்கும். சரியா இருக்கான்னு கேட்க ஆள் இல்ல.”

திம்மராயன் ஒரு வாய் வைத்துவிட்டு, “இருக்கு,” என்றார். இன்னொரு வாய் வைத்துவிட்டு, “சரியா இருக்கு,” என்றார். அதில் பொய் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் சுவரில் இருந்த கீழ்க்கை நன்றாகவே வளைந்திருந்தது.

“மெதுவா சாப்பிடாதீங்கய்யா, கை கடுக்குது!” என்று ஏரிக்கரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

“மோர் இருக்கு, ஊத்தட்டா?” என்றாள் நாகவேணி.

“ஊத்துங்க.”

மோரும் ஆயிற்று. இனி நாணை விட வேண்டும். ஆனால் அம்பில்லாமல் வெறும் நாணை விட்டால் கைகள் இரண்டும் விண்டுபோகும். எதையாவது வைத்துத்தான் விடலாம். சம்பங்கி அந்தப் பக்கம் வந்த, அஞ்செட்டிக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தி, அதன் பின்பக்கத்தை நாணில் பொருத்தினான். கண்டக்டர் விசில் ஊதி, “நடுவுல எறங்கறவங்க இப்பவே எறங்கிக்குங்க,” என்றார். இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள்.

விட்டார்கள். பஸ் போயிற்று. வீடுகள் தத்தம் கோடிக்குத் திரும்பின. திம்மராயன் கையில் மோர் டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நாணை இழுப்பது அவள் சமைத்து முடித்தால்தான். இப்போதெல்லாம் அஞ்செட்டிக்குப் போகிறவர்கள், நாகவேணி உலை வைத்துவிட்டாளா என்று விசாரித்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.