பட்டியலில் மட்டும் இருந்த கட்டுரை

வாத்தியாரின் மனைவி சுவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். செங்கல் சுவரில் ஈரம் எப்படி ஏறுகிறது, ஏறிய ஈரம் உப்பை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் அவள் பிழைப்பு. சொந்த வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சுவர் பொரிந்து உதிர்ந்துகொண்டிருப்பதை மட்டும் இருவரும் கண்டுகொள்வதில்லை. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறார். மனைவி ஒரு கட்டுரையை எழுதி முடித்தால், அதன் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை ஒழுங்குசெய்வது அவர் பொறுப்பு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் செய்து கொடுத்தார், அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு ஆய்விதழுக்கும் ஒரு சட்டம். ஒன்றுக்கு இதழின் பெயர் சாய்வெழுத்தில் வேண்டும், இன்னொன்றுக்குச் சாய்வே ஆகாது. ஒன்று ஆண்டை அடைப்புக்குள் போடச் சொல்லும், மற்றது கடைசியில் தள்ளச் சொல்லும். பக்க எண்களுக்கு நடுவே சின்னக் கோடு போட்டதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மகராசர்களும் உண்டு. மனைவிக்கு இதெல்லாம் வேப்பங்காய். வாத்தியாருக்கு இதில் ஒரு நிம்மதி இருந்தது. உலகத்தில் எத்தனையோ விஷயங்கள் சரியா தவறா என்றே தெரியாமல் முடிந்துபோகின்றன. ஒரு காற்புள்ளி அப்படியில்லை.

இதற்கென்று கணினியில் மென்பொருள் இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு முறை நம்பிக் கொடுத்துப் பார்த்தார். தர நிர்ணய வாரியம் என்ற அலுவலகத்தை அது ஓர் ஆளாக்கி, குடும்பப் பெயர் வாரியம், தலைப்பெழுத்து த. நி. என்று போட்டுவிட்டது. அதிலிருந்து கையால்தான். வீட்டில் ஏதாவது காணாமல் போனால் மிஸ்டர் வாரியம் எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று இன்றைக்கும் மனைவி சொல்வாள்.

அவள் எழுதும் எல்லாக் கட்டுரையின் பட்டியலிலும் வாத்தியாரின் பெயர் ஓரிடத்தில் வரும். அவரும் ஒரு காலத்தில் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். களிமண் வில்லைகளை ஈரமாக்கிக் காயவைத்து, காயும் வேகத்தை அளந்து, ஒரே ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறகு இருவரில் ஒருவருக்காவது நிரந்தர வேலை வேண்டும் என்ற நிலை வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போனார். அதில் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை இந்த உலகத்தில் மேற்கோள் காட்டியவள் மனைவி ஒருத்திதான். பட்டியலைச் சரிபார்க்கும்போது தன் பெயர் வரும் வரியில் வாத்தியார் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே போவார். அதை அவளிடம் சொன்னதில்லை.

இந்த முறை கட்டுரை ஒரு பெரிய இதழுக்குப் போயிருந்தது. வெளியிடலாமா என்று இதழுக்காக மதிப்பிட்டவர்கள் இருவர். முதலாமவர் நல்லபடியாக எழுதியிருந்தார். இரண்டாமவருக்கு மனைவி சித்தப்பா என்று பெயர் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் நாற்காலி ஆடுகிறது, காபி ஆறிவிட்டது என்று எதையாவது சொல்லாமல் கிளம்பாத ரகம். அவர் கேட்ட திருத்தங்களையெல்லாம் செய்து இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். தவறினால் கதவைச் சாத்திவிடுவார்கள், மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வாத்தியார் மேசையில் தாள்களைப் பரப்பினார். உள்ளறையில் மனைவி சித்தப்பாவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பால்கனிப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் தன்பாட்டுக்கு உறுமியது. முன்னாலிருந்து போனால் கண் வழுக்கிவிடும் என்பதால் அவர் எப்போதும் கடைசி எண்ணிலிருந்துதான் தொடங்குவார். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் எங்காவது எண்ணாக வந்திருக்க வேண்டும். வந்ததைப் பார்த்ததும் பென்சிலால் ஒரு கோடு. இப்படியே பின்னோக்கி வந்தவர் இருபத்து மூன்றில் நின்றார்.

இருபத்து மூன்று அவர்தான்.

கட்டுரைக்குள் தேடினார். இருபத்திரண்டு இருந்தது, அடுத்து இருபத்து நான்கு. கண் தப்பியிருக்கும் என்று கணினியிலும் தேடிப் பார்த்தார். வழக்கமாக அவர் வேலையைச் சொல்லும் வாக்கியமே அங்கே இல்லை. எடுத்த இடத்தில் முன்னும் பின்னும் இழுத்துச் சேர்த்த தடயம் தெரிந்தது.

அவசரத்தில் விட்டிருப்பாள் என்று முதலில் நினைத்தார். ஆனால் அவள் அப்படி விடுகிறவள் இல்லை. வாக்கியத்தை எடுத்திருக்கிறாள், பட்டியலில் கைவைக்க மனம் வரவில்லை. பட்டியல் அவர் கைக்குத்தானே வரும்.

இயந்திரம் நின்றுவிட்டது. களிமண் காய்வதைப் பற்றி நாலாம் பக்கத்தில் ஒரு பொதுவான வாக்கியம் இருந்தது. அதன் கடைசியில் இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து இருபத்து மூன்று என்று போட்டால், ஈ காக்காய்க்குத் தெரியாது. போட்டும் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பிறகு சித்தப்பாவை நினைத்தார். எடுக்கச் சொன்னது அவராகத்தான் இருக்கும். முகம் தெரியாத அந்த மனிதர் மறுபடி படித்து, சொன்ன பிறகும் எடுக்கவில்லையே என்று எழுதினால், அடிபடுவது அவள். போட்டதை அழித்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வாயேன். ஒரு ஆள் பட்டியல்ல மட்டும் நிக்கிறான், உள்ள எங்கயும் காணோம்."

அவள் வந்தாள். எந்த ஆள் என்று கேட்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டினாள். சித்தப்பா கேட்டிருந்தார் என்றாள். சுவரைப் பற்றிய கட்டுரையில் களிமண் வில்லை எதற்கு, எடுத்துவிடலாமே என்று எழுதியிருந்தாராம். மற்ற கேள்விகளை அவரிடம் காட்டியவள் இந்த ஒன்றை மட்டும் காட்டவில்லை. வேண்டுமானால் இது எனக்குத் தேவை என்று பதில் எழுதிச் சண்டை போடுகிறேன் என்றாள்.

"தேவையா?" என்றார் வாத்தியார். "நெஜத்தைச் சொல்லு."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"மொத ரெண்டு கட்டுரைக்கு நெஜமாவே தேவைப்பட்டுச்சுங்க," என்றாள் அவள். "அப்புறம் நீங்க இல்லாம அனுப்ப மனசு வரல."

வாத்தியார் தலையை ஆட்டினார். கணினியைத் தன் பக்கம் திருப்பி, தன் வரியைத் தேர்ந்தெடுத்து, அழித்தார். கீழே இருந்தது ஒரு படி மேலே ஏறிக்கொண்டது. அவ்வளவுதான், இத்தனை சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வருத்தமா?"

"இனிமே ஒரு வரி வேலை மிச்சம். அதைத்தான் நான் நாலு தடவ பாப்பேன். மத்தவங்களுக்கெல்லாம் ஒரு தடவதான்."

"தெரியும். அந்த எடம் வந்தா உங்க பென்சில் சத்தம் நின்னுரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக உள்ளறையில் இருந்துகொண்டு அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

இனி இருபத்து நான்கிலிருந்து எல்லா எண்ணும் ஒன்று குறைய வேண்டும். கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு இடத்திலும் கையால் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் போய் விழும். மிஸ்டர் வாரியத்தையே கூப்பிட்டிருக்கலாம் என்று அவள் முனகினாள். நீ போய்ப் பதிலை முடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் வாத்தியார். அவள் போகவில்லை. சித்தப்பாவுக்கான பதிலில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் எழுதாமல் வைத்திருந்தாளாம், அதற்கும் இப்போது பதில் வந்துவிட்டதாம்.

நாற்காலியை எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள். தாளைக் கையில் எடுத்து, முதலில் வரும் இடத்தில் விரலை வைத்தாள்.

"இருபத்தி நாலு, இருபத்தி மூணாகுது," என்று வாசித்தாள்.

"ஆச்சு," என்றார் வாத்தியார்.