முன்மேசைக் கணினி

இத்தா முடிந்த மறுநாள் காலை, ஜுமானா முதலில் போக நினைத்தது கடைக்கு.

"உம்மா வூட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்திட்டு வாங்களேன் ராத்தா," என்றாள் ஷிஹாரா. ஜுமானாவின் கணவனுடைய தம்பி ஃபஸ்லானின் மனைவி அவள். கணவன் இறந்த நாளிலிருந்து நான்கு மாதமும் பத்து நாளும் ஜுமானா வெளியே வராமல் இருந்தபோது, சோறும் தேத்தண்ணியும் அறைக்குள் கொண்டுவந்து கொடுத்தவள். "வெயில் படாத முகம் எப்படி வெளிறிக் கிடக்கு பாருங்க. கடை எங்க ஓடப் போவுது?"

"பாத்திட்டு வாரன்."

"பாக்க என்ன இரிக்கி? எல்லாத்தையும் அவர் புதுசாச் செஞ்சு வெச்சிருக்கார்."

ஜுமானாவின் கை முக்காட்டில் நின்றது. "முன்மேசை மெஷின்?"

"அது வெச்ச இடத்திலதான் இரிக்கி. நீங்க சென்னதுதானே. ஒரு அங்குலம் அசையல்ல."

அந்த ஒரு பதில் போதும். ஜுமானா செருப்பை மாட்டினாள்.

மாம்புரியில், கற்பிட்டி வீதியைப் பார்த்தபடி இருந்தது அவர்களுடைய கொமியூனிகேஷன் கடை. அடையாள அட்டை விண்ணப்பம், பாஸ்போட் படிவம், பள்ளிப் பிள்ளைகளின் ஒப்படை, கலியாண அழைப்பிதழ் எல்லாம் அங்கே கணினியில் அடித்துக் கொடுப்பார்கள். கலியாணம் முடித்த அடுத்த வருடம் அவளும் கணவன் தாஹிரும் சேர்ந்து தொடங்கியது. காலையில் தாஹிர் கடையில் இருப்பான். நண்பகலில் லுஹர் தொழுததும் கடையைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து மரக்கறிக் கடை மக்தலேனாவிடம் கொடுத்துவிட்டு, ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிக்கு வேலைக்குப் போவான். அரை மணி நேரம் கழித்து ஜுமானா வந்து திறப்பாள். ஒரே கடையில் பத்து வருடம் வேலை செய்தும் இருவரும் ஒன்றாக அங்கே நின்ற நாட்கள் குறைவு.

வீட்டில் பேசலாமென்றால் அங்கே மாமி, ஃபஸ்லான், ஷிஹாரா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். அறைகளைப் பலகை அடித்துப் பிரித்திருந்தார்கள். இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையில் துஆ கேட்கும்.

அதனால் அவர்கள் கணினியில் பேசிக்கொண்டார்கள். முன்மேசையில் இருந்த கணினியில் 'கடை' என்று பெயர் வைத்த ஒரு கோப்பு இருந்தது. முதலில் வேலையைக் கைமாற்றுவதற்காக மட்டும் எழுதினார்கள்.

"நிக்கொலஸ் மாஸ்டர்ட கடிதம் அடிச்சு வெச்சிரிக்கன். வந்தாக் குடு" என்று தாஹிர் எழுதியிருப்பான்.

அதன் கீழே ஜுமானா எழுதுவாள்: "வந்தார். மூணு பிழை கண்டுபிடிச்சார். உன்ட புருசன் எந்தப் பள்ளியில படிச்ச என்டு கேட்டார்."

அடுத்த நாள் அவன்: "நீங்க படிப்பிச்ச பள்ளியிலதான் சேர் என்டு செல்லியிருக்கலாமே."

போகப் போக வேலைப் பேச்சு குறைந்தது. "காலையில ஏன் முகம் வாடிக் கிடந்த?" "உம்மாட பேச்சை மனசில எடுக்காத, நான் இரிக்கன்." "நேத்து கட்டின அந்தப் பச்சைச் சாரியை நாளைக்கும் கட்டு, நான் ஒழுங்காப் பாக்கல்ல." ஒரு நாள் அவன் இப்படி எழுதினான்: "கடைக்கு ஒரு சின்னப் புள்ள வந்திச்சு. உன்ன மாதிரியே மூக்கைச் சுருக்குது. ஒரு டொபி குடுத்தன்."

அன்று ஜுமானா அதன் கீழே எதுவும் எழுதவில்லை.

பதினொரு வருடமாக அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புத்தளம், சிலாபம், கொழும்பு என்று மாறி மாறிப் போனார்கள். போன ஓகஸ்ட் மாதக் கடைசியில், இனி நம்ப வேண்டாம் என்று டொக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். குறை தன்னிடம்தான் என்று தெரிந்த பிறகு ஜுமானா இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதினாள்.

"எனக்கு இனி இல்லையாம். டொக்டர் முடிவாச் சென்னார். நீங்க இன்னொரு கலியாணம் முடிங்க. கோவத்தில எழுதல்ல, மனசாரத்தான் எழுதுறன். ஓம் என்டாலும் இல்ல என்டாலும் இதிலயே எழுதுங்க. முகத்தைப் பாத்துச் செல்ல வேணாம்."

மூன்று நாள் அதற்குக் கீழே வெறுமையாகவே இருந்தது. வீட்டில் தாஹிர் வழக்கம்போலச் சாப்பிட்டான், வழக்கம்போல அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். நான்காம் நாள் மதியம் போன் எடுத்தான்.

"எழுதிட்டன். போய் வாசி."

"என்ன எழுதினீங்க?"

"முகத்தைப் பாத்துச் செல்ல வேணாம் என்டு நீதானே எழுதின. போய் வாசியேன்."

பின்னால் மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டது. போன் நின்றது.

அரை மணி கழித்து அவள் முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஆலங்குடாத் திருப்பத்தில் தாஹிரை வெங்காய லொறி ஒன்று மோதியதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலை அடக்கம் செய்தார்கள். ஜுமானா இத்தாவுக்குள் போனாள்.

கடை நடந்து போகக்கூடிய தூரம்தான். ஆனால் அங்கே போக முடியாது. ஷிஹாராவை அனுப்பி, திரையை போனில் படம் பிடித்து வரச் சொல்லலாமா என்று எத்தனையோ தடவை யோசித்தாள். படம் பிடிப்பவள் வாசிக்காமல் இருப்பாளா? கணவனுக்கு இன்னொரு பெண்ணை முடித்துக்கொள்ளச் சொல்லி ஒருத்தி கெஞ்சியதை அடுத்த அறைக்காரி வாசிப்பதா? அவன் "ஓம்" என்று எழுதியிருந்தால்? அதைத் தனக்கு முன்னால் இன்னொருத்தி தெரிந்துகொள்வதா? அதைவிட நாள் எண்ணிக்கொண்டு இருப்பது மேல் என்று பட்டது.

அவன் சொன்ன "போய் வாசியேன்" என்பதில் சிரிப்பு இருந்ததா, கனம் இருந்ததா? சில இரவுகளில் சிரிப்புத்தான் என்று நிச்சயமாகத் தோன்றும். விடிந்ததும் கனமாகிவிடும்.

ஒக்டோபரில் ஒரு நாள் ஷிஹாரா அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். வெளியே, கதவுத் திரைக்கு அப்பால் ஃபஸ்லான் நின்றான். இத்தாவில் இருக்கும் மதினியின் முன் அவன் வருவதில்லை. பாலாவியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவன், நானா தாஹிர் போன பிறகு அதை விட்டுவிட்டு இந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினி, கடையில இரிக்கிற மூணும் விண்டோஸ் பத்து. இந்த மாசம் பதினாலோட அதுக்கு ஆதரவு முடியுது. பதினொண்டு போடலாம் என்டா இதுகள்ல ஏறாது, அவ்வளவு பழசு."

"ஏறாட்டி நிண்டிடுமா?"

"நிக்காது, ஓடும். ஆனா இனி அதிட பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்ல. ஒரு வருசம் தள்ளிப் போட வழி இரிக்கி, ஆனா அடுத்த வருசமும் இதே கதைதானே? லினக்ஸ் என்டு ஒண்டு இரிக்கி, காசு இல்ல, பழசிலயும் நல்லா ஓடும். இல்லாட்டிப் புதுசு ஒண்டு எடுத்துப்போட்டு, இதுகளை மத்ரஸாவுக்குக் குடுக்கலாம். நீங்க செல்றதுதான்."

"முன்மேசை மெஷினை இங்க கொண்டு வரேலுமா?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

ஷிஹாரா குரலைத் தாழ்த்தினாள். "என்ன ராத்தா நீங்க! இத்தாவில இருந்து கொம்பியூட்டர் தட்டுறா என்டு பாக்க வாரவங்க ஊரெல்லாம் செல்லித் திரியவா?"

ஜுமானா கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்: "மத்த ரெண்டையும் நீங்க விரும்பின மாதிரிச் செய்ங்க தம்பி. முன்மேசையில இரிக்கிறதை மட்டும் குடுக்க வேணாம், எறியவும் வேணாம். நான் வாரவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."

திரைக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "விளங்குது மதினி. நானா இருந்த இடம். அது அசையாது."

அவனுக்கு விளங்கிவிட்டது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் மீதி நாட்களைக் கடத்தினாள்.

இப்போது கடை வாசலில் மக்தலேனா பூசணிக்காயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்ட அம்மே! பாதியாப் போயிட்டீங்களே மகள்!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தாஹிர் தம்பி திறப்புத் தர வருவாரெண்டு இன்னும் பன்னெண்டரைக்கு வீதியைப் பாக்குறன். பழக்கம் போகுதில்ல." ஜுமானா அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

ஃபஸ்லான் எழுந்து நின்றான். பின்பக்கம் புதுக் கணினி ஒன்று பளபளத்தது. முன்மேசையில் அந்தப் பழையது அப்படியே இருந்தது. தூசி இல்லை. தாஹிரின் கதிரைகூட அதன் முன்னால்தான் இருந்தது.

அவள் அதில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது, அதே இரைச்சல். ஓம் என்றிருந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று தனக்குத்தானே சொன்னாள். கேட்டது நான்தானே. எதுவாக இருந்தாலும் அவருடைய வார்த்தை.

திரை வெளிச்சமானது. சாம்பல் நிறத்தில், அவளுக்குத் தெரியாத ஒரு படம். இடது ஓரத்தில் தெரியாத சின்னங்கள் வரிசையாக நின்றன. கோப்பு எதுவும் இல்லை. மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தித் தேடினாள்.

"கடை எங்க?"

"என்ன மதினி?"

"இதில இருந்ததெல்லாம் எங்க தம்பி?"

ஃபஸ்லானின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நாளும் அவளிடம் சொல்லக் காத்திருந்தவன்போலப் பேசினான். "அதைத்தான் செல்லோணும். நீங்க சென்ன மாதிரி மெஷினைக் குடுக்கல்ல, தூக்கல்ல. ஆனா உள்ளுக்கு ஊர்ச் சனத்திட ஐடி, பாஸ்போட், காணி உறுதி, பொம்புளப் புள்ளகள்ட போட்டோ எல்லாம் கிடந்திச்சு. நானாவை நம்பிக் குடுத்ததெல்லாம் அமானிதம். பாதுகாப்பு இல்லாத மெஷினில ஆராவது பூந்து எடுத்தா, அது ஆர்ட தலையில மதினி? மண்ணுக்குள்ள இரிக்கிற மனுசன் என்ன செய்வார்? எனக்கு நித்திரை வரல்ல. மௌலவிக்கிட்டயும் போய்க் கேட்டன். திருப்பிக் குடுக்க ஏலாட்டி ஆர்ட கண்ணிலயும் படாம அழிச்சிடுங்க என்டார். நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறதுக்கு முந்தி முடிச்சிட்டன்."

நாற்பதாம் நாளுக்கு முந்தி. அதற்குப் பிறகு எண்பத்தைந்து நாளுக்கு மேல் அவள் விரல் மடக்கி எண்ணியிருக்கிறாள்.

"திருப்பி எடுக்க ஏலாதா?"

"பயப்புட வேணாம்," என்றான் அவன், அவள் பயத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டு. "சும்மா அழிக்கல்ல. மேல மேல எழுதி மூணு தரம் அழிச்சன். கொழும்பில இருந்து எந்தக் கெட்டிக்காரன் வந்தாலும் ஒரு எழுத்து எடுக்கேலாது."

ஜுமானா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "ஒண்டையும் திறந்து பாக்கல்லயா?"

"அல்லாவுக்குப் பொதுவா இல்ல." பிறகு சற்றுத் தயங்கினான். "'கடை' என்டு ஒண்டு முன்னுக்கே கிடந்திச்சு. மௌத்தான அண்டைக்கு எழுதினது என்டு திகதி காட்டிச்சு. நானாட கடைசி எழுத்து. கையை வெச்சிட்டன் மதினி, பொய் செல்லல்ல. ஒருக்கா அவர் பேசினதைக் கேட்ட மாதிரி இரிக்குமே என்டு. பிறகு நெனச்சன், அது புருசன் பெண்சாதிட விசயமா இருந்தா? நான் ஆர் பாக்க? மூடின மாதிரியே அழிச்சிட்டன்."

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். முப்பது வயதில் தலையில் நரை விழுந்திருந்தது. நானாவின் ஜனாஸாவைச் சந்தூக்கில் தூக்கி நடந்தபோது தோளை மாற்றிக் கொடுக்கவே மறுத்தவன் என்று ஷிஹாரா சொல்லியிருந்தாள்.

அவள் கத்தியிருக்கலாம். கத்துவதற்குச் சொற்கள் இருந்தன. வாசித்திருக்கலாமே தம்பி, ஒரு தரம் திறந்து பார்த்திருக்கலாமே, ஓமா இல்லையா என்று மட்டும் எனக்கு வந்து சொல்லியிருக்கலாமே. சொன்னால் அவன் கேட்பான், என்ன எழுதியிருந்தது என்று. பிறகு தன் நானாவின் கடைசி வார்த்தையைத் தன் கையாலேயே அழித்ததை எண்ணி எண்ணி அவனும் இந்தக் கடையில் உட்கார்ந்திருப்பான். அவளைப்போல. சாகும்வரை.

"மதினி," என்றான் அவன் மெதுவாக. "நான் செஞ்சது சரிதானே? நானா லேசாக் கிடப்பார்தானே?"

"ஓம் தம்பி," என்றாள் ஜுமானா. "நல்ல வேலை செஞ்சீங்க."

அவன் பெருமூச்சு விட்டான். எத்தனை நாள் பாரம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு அவன் கணினியைக் காட்டினான். "லினக்ஸ் போட்டது, இது நல்லாத்தான் ஓடுது. வூட்டுக்குக் கொண்டு போறீங்களா? இங்கயே இருக்கட்டுமா?"

ஜுமானா அந்தச் சாம்பல் நிறத் திரையைப் பார்த்தாள். தாஹிர் "ஓம்" என்று எழுதுவதை நினைத்துப் பார்த்தாள். அவன் எழுதுகிற மாதிரியே இருந்தது. "உனக்கென்ன பைத்தியமா" என்று எழுதுவதையும் நினைத்தாள். அதுவும் அவனுடைய வார்த்தையாகவே இருந்தது. இரண்டில் எதையும் அவளால் தள்ள முடியவில்லை.

"மத்ரஸாவுக்குக் குடுத்திடுங்க," என்றாள்.

"மனசாரத்தானே செல்றீங்க?"

அவள் தலையசைத்தாள். ஃபஸ்லான் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். அவள் எழுந்து ஃபோட்டோகொப்பி மெஷின் பக்கம் போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, மூடியைத் திறந்து எதையும் வைக்காமல் மூடினாள். ஐம்பது என்று அழுத்தினாள். மெஷின் கடகடவென்று சத்தம் போட்டு ஓடியது. அந்தச் சத்தம் இருக்கும்வரை அவளால் அழ முடிந்தது.