வெளிர் சாம்பல் நிற ஷார்ட்ஸ்

புது யூனிஃபார்ம் மூட்டையை உடை மாற்றும் அறையின் பெஞ்சில் கொட்டினாள் வாலிபால் அணியின் கேப்டன். சட்டை யார் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் ஷார்ட்ஸையே பார்த்தார்கள். வெளிர் சாம்பல் நிறம். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கறுத்துக் காட்டிக்கொடுக்கிற நிறம்.

"யாரு எடுத்தா இத?" என்றாள் கடுகு. அணியிலேயே குள்ளமானவள், வாய் மட்டும் ஆறடி.

"கிளப் செயலாளர். போட்டோல பளிச்சுன்னு இருக்குமாம்."

"அவரையே போட்டுக்கிட்டு குதிக்கச் சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. ஒட்டடக்குச்சி ஒரு ஷார்ட்ஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆள் உயரம் என்பதால் அந்தப் பெயர். வலையோரம் நின்று, எதிரணி அடிக்கிற பந்தை எம்பித் தடுப்பது அவள் வேலை. எம்பி இறங்கும் ஒவ்வொரு முறையும் சிறுநீர் கொஞ்சம் கசிந்துவிடும். பத்தொன்பது வயதில், ஒரு வருடமாக இப்படி. அதற்குப் பயந்து ஆட்டமுள்ள நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள். கடைசி செட்டில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். "ஸ்டாமினா பத்தல" என்று கோச் கத்துவார். கறுப்பு ஷார்ட்ஸ்தான் இதுவரை மானத்தைக் காப்பாற்றி வந்தது.

அவள் சொல்லாமலும் இல்லை. அம்மாவிடம் சொன்னாள். "ரெண்டு பெத்தவ நான், தும்முனா எனக்குந்தான் வருது. பொம்பளைன்னா அப்படித்தான்டி" என்ற அம்மா துணி மடிப்பதைக்கூட நிறுத்தவில்லை. டாக்டரம்மாவிடம் போனாள். "கல்யாணம் ஆகலையா? அப்ப ஒண்ணுமில்ல, நார்மல்தான். கீழ இறுக்கிப் பிடிச்சுப் பழகு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். அவளும் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, நாள் தவறாமல் இறுக்கினாள். கசிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனாள். அக்கா பிசியோதெரபியில் மேற்படிப்பு படிக்கிறாள். ஈரம் வெளியே தெரியாமல் உள்ளே வைத்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் போனது. அக்காவோ லேப்டாப்புக்குள் தலையை விட்டிருந்தாள். சிறுநீர்ப்பையைத் தாங்கிப் பிடிக்கிற இடுப்புத்தளத் தசைகள், அவற்றுக்கான பயிற்சிகள், அதைப் பற்றி உலகமெங்கும் நடந்த ஆராய்ச்சிகள் எந்தத் திசையில் போகின்றன என்று ஒரு படம். திரை முழுக்க வட்டங்கள்; ஆராய்ச்சி அதிகமென்றால் வட்டமும் பெரிது.

"இந்தப் பெரிய வட்டம் என்னக்கா?"

"பிரசவத்துக்கு அப்புறம் வர்றது. பக்கத்துல வயசானவங்க. அந்தா அது புராஸ்டேட் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆம்பளைங்க. செல்போன் ஆப் பாத்து பயிற்சி பண்றதுதான் இப்ப கிடுகிடுன்னு வளருது."

"நாங்க எங்க?"

அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி.

"விளையாட்டுல இருக்கிற பொண்ணுங்க. முன்னைக்கு இப்ப நல்லா வளர்ந்திருக்குடி."

"வளர்ந்தே இவ்ளோதானா?"

"வந்து சொன்னாத்தான ஆராய முடியும்? உங்க வயசுல எவ வாயத் தொறக்குறா?"

"தொறந்தேன்க்கா. நார்மல்னு சொல்லி மூடி அனுப்பிட்டாங்க."

அக்கா திரும்பி அவளை ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான். எப்படி இறுக்குகிறாய், செய்து காட்டு என்றாள். செய்தாள். அவள் வயிற்றில் கை வைத்த அக்கா உச்சுக்கொட்டினாள்.

"அடிப்பாவி, நீ கீழ தள்ளுற. மேல தூக்கணும். ஒண்ணுக்குப் போறப்ப பாதியில நிறுத்துற மாதிரி நெனச்சுக்கோ. மூச்ச அடக்காத, வயித்த தளர விடு. வாயால சொல்லி அனுப்புனா நெறைய பேரு இப்படித்தான் தப்பா பண்றாங்கன்னு ஆராய்ச்சிப் பேப்பரே இருக்கு. பழைய பேப்பர்."

"பழசா? அப்ப டாக்டரம்மா ஏன் படிக்கல?"

பஸ்ஸில் திரும்பும்போது ஒட்டடக்குச்சிக்கு உள்ளே எரிந்தது. மாதக்கணக்கில் தன் உடம்பைத் தானே கீழே தள்ளிக்கொண்டு, சரியாகவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறாள். அடுத்த ஆள் உள்ளே வருகிற அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி.

மறுநாள் பயிற்சி தொடங்குமுன் கோச் முன்னால் போய் நின்றாள். "சார், ஷார்ட்ஸ் கறுப்புல வேணும்."

"கலர்ல என்னம்மா இருக்கு? ஆட்டத்தப் பாரு."

"குதிச்சா ஒண்ணுக்கு கசியுது சார். அதுல தெரியும்."

கோச் கையிலிருந்த பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பதைப் போல. "இதெல்லாம் எங்கிட்ட… சரி, வேற யாருக்காச்சும் இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கேப்டன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். கடுகு, அந்த ஆறடி வாய், வானத்தைப் பார்த்தது. ஆட்டத்துக்கு முன்னால் கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நிற்கிறவர்கள்தான் அத்தனை பேரும்.

"உனக்கு மட்டுந்தான்னா நீ ரெஸ்ட் எடு. சனிக்கிழமை மேட்ச்சுக்கு வேற ஆள இறக்குறேன். உடம்பப் பாத்துக்கோ." அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மைதானக் கோட்டுக்கு வெளியே கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றாள். மூச்சை விட்டு, உள்ளே மேல்நோக்கித் தூக்கினாள். தளர்த்தினாள். மறுபடி தூக்கினாள். உள்ளே இருந்த கோபத்துக்கு வயிற்றைத் தளர விடுவதுதான் பெரும்பாடு.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிழல் விழுந்தது. கடுகு.

"கோவமா இருக்கியா?"

"இல்ல, கொஞ்சுறேன்."

"சரி திட்டு, அப்புறமா திட்டு. எப்படிடி பண்றது, சொல்லு."

சொன்னாள். கடுகு கண்ணை மூடி நின்றாள். பின்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் தண்ணீர் குடிக்க வருவதுபோல வந்து, குடிக்காமல் நின்றுவிட்டார்கள். கேப்டன் மட்டும் வலைக்கு அந்தப் பக்கம் பந்தோடு நின்றாள். போடவும் இல்லை, வரவும் இல்லை.

"என்ன அங்க கூட்டமா சும்மா நின்னுக்கிட்டு?" கோச்சின் குரல்.

"எக்சர்சைஸ் சார்," என்றாள் ஒட்டடக்குச்சி, கண்ணைத் திறக்காமல்.

கோச் அருகே வந்தார். முழங்கால்களைப் பார்த்தார், தோள்களைப் பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தார். நான்கு பெண்களின் உடம்பிலும் எதுவுமே அசையவில்லை.