முகுந்தன் கண்டுபிடித்த உயிரணு

கிள்ளான் கோயில் மண்டபத்து வாசலில் முகுந்தன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான், பேனரில். நேரில் வந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. 'புதிய உயிரணு கண்ட கிள்ளான் மைந்தர்' என்று எழுதி, யாரோ பக்கத்தில் ஒரு ராக்கெட்டும் போட்டிருந்தார்கள்.

முகுந்தன் கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவன். டிங்கிக் காய்ச்சல் நோயாளிகளின் ரத்தத்தில், ஒவ்வோர் உயிரணுவிலும் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்து, ஒரே மாதிரி இருப்பவற்றைக் கணினியை விட்டுக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பான். திரையில் ஒவ்வொரு கூட்டமும் ஒரு தீவு போலத் தெரியும். இரண்டு வகை உயிரணுக்களின் குணமும் கலந்து, எதிலும் சேராமல் ஒரு குட்டித் தீவு ஒதுங்கி நின்றது. புது வகை என்றான். பேராசிரியர் கட்டுரையே எழுதிவிட்டார். திங்கட்கிழமை அனுப்பப் போகிறார். அம்மா அமுதவள்ளி பாசாரில் மீன் வெட்டுபவர்வரை சொல்லிவிட்டாள்.

விழாவுக்கு முன், அன்று மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், ஆய்வகத் தோழி ஷாமினி அப்பளத்தை நொறுக்கியபடி கேட்டாள். "ரெண்டு செல் ஒட்டிக்கிட்டு ஒண்ணா பதிவாயிருந்தாலும் இப்படித்தான்லா தெரியும். அதைக் கண்டுபிடிச்சு நீக்குற செக் ஓட்டினியா இல்லையா?"

ஓட்டினேன் என்றான். பொய்யில்லை. ஓட்டியதும் தீவு காணாமல் போனது. அதனால் அந்தச் சோதனையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். தீவு திரும்பி வந்தது. இந்தப் பின்பாதியை அவளிடம் சொல்லவில்லை. பாதிச் சோற்றோடு இலையை மடித்தான்.

மேடையில் கோயில் தலைவர் சிவநேசன் பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார். முன்வரிசையில் பட்டுப்புடவையில் அம்மா.

"அது புது செல் இல்ல," என்றான் முகுந்தன். "ரெண்டு பழைய செல் ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. நான் எதையும் கண்டுபிடிக்கல."

மண்டபம் கொஞ்சம் யோசித்தது. சிவநேசன் மைக்கை வாங்கி, இவ்வளவு சாதித்தும் என்ன தன்னடக்கம் பாருங்கள் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூடவே ஒரு மாலையும் விழுந்தது.

அம்மா மட்டும் தட்டவில்லை. காரில் ஏறியதும் கேட்டாள்.

"மேடையில சொன்னியே, அது உனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சதா?"

ஷாமினி கேட்ட பிறகுதான் தெரிந்தது என்று சொல்லித் தப்பிக்க இடமிருந்தது.

"முன்னாடியே தெரியும்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகுந்தன் பேராசிரியருக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கைநீட்டி, அவன் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, மடிக்காமல் பின்சீட்டில் போட்டாள்.