நீர்நாய்க் குட்டிக்கு மூன்று சாயங்காலம்

ஆயர் தாவார் ஊரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். மரங்களுக்கு நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று ஓடி ஆற்றில் போய் விழுகிறது. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், மழை விட்ட ஒரு காலையில் தினேஸ்வரி அந்தக் கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாள். கோரைப்புல்லுக்குள் ஏதோ குருவிபோல் கத்தியது. இறங்கிப் பார்த்தால் குருவி இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு நீர்நாய்க் குட்டி. முன்னங்காலில் பச்சை நைலான் வலைத் துண்டு இறுகிச் சதைக்குள் இறங்கியிருந்தது.

பதினோரு வயதுப் பெண். கையைக் கொடுத்ததும் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. சட்டையின் ஓரத்தைக் கடியில் சுற்றிக்கொண்டு, மறு கையால் குட்டியை அமுக்கிப் பிடித்து, சைக்கிள் கூடையில் கிடந்த பென்சில் பெட்டியின் கத்தரிக்கோலால் நைலானை அறுத்து எடுத்தாள்.

வீட்டில் சொன்னால் விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாய்க்கால் ஓரத்தில் பாழாய்க் கிடந்த பம்பு கொட்டகையில் குட்டியை வைத்தாள். தூண்டிலில் பிடித்த திலாப்பியா மீனைத் துண்டு போட்டுக் கொடுத்தாள். சுழி என்று பெயர் வைத்தாள். நாலாம் நாள் சுழி நொண்டிக்கொண்டே அவள் பின்னால் வந்தது. ஆறாம் நாள் அவள் வாயைக் குவித்து விசிலடித்தால் அதுவும் அதே மாதிரி திருப்பிக் கத்தியது. மடியில் ஏறிப் படுத்து ஈர மூக்கை அவள் உள்ளங்கையில் புதைத்துத் தூங்கியது. இப்படி ஒரு சிநேகிதம் தனக்குக் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

எட்டாம் நாள் அப்பா கோகிலன் கண்டுபிடித்துவிட்டார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். கொட்டகை வழியாகப் போனவர் விசில் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத வீட்டுல வளக்க முடியாது தினேஸு. சட்டப்படி குத்தம்லா."

"வளக்கணும்னு நான் சொல்லவே இல்லையேப்பா."

"அப்ப எதுக்கு ஒளிச்சு வச்ச?"

அவள் குட்டியை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே அப்பா வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டார்.

வந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். குட்டியின் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது என்றார். பிறகு தினேஸ்வரிக்கு நேராக உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். நீர்நாய்கள் குடும்பமாகத் திரிகிறவை, தொலைந்த பிள்ளையைத் தேடி வரும். ஆனால் இது மனிதர்களோடு பழகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் காட்டில் பிழைக்கத் தெரியாது. மூன்று சாயங்காலம் வாய்க்கால் ஓரத்தில் கூண்டில் வைத்துப் பார்க்கலாம். குடும்பம் வராவிட்டால் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

"அங்கேருந்து திரும்பி வருமா புவான்?" தினேஸ்வரி மலாயில் மரியாதையாகக் கேட்டாள்.

அநேகமாக வராது என்றார் அவர். இந்த மூன்று நாளும் அதைத் தொடக்கூடாது, கையால் ஊட்டக்கூடாது, அது கூப்பிட்டால் பதில் விசில் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னார்.

"சரி," என்றாள் தினேஸ்வரி. "அது வீட்டுக்குப் போகணும்."

முதல் சாயங்காலம் சுழி கூண்டுக்குள் இருந்து கத்திக்கொண்டே இருந்தது. அப்பாவும் அவளும் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் ஆற்றங்கரை வரைக்கும் சைக்கிளில் போனாள். வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில் கரைக்குக் கரை ஒரு வலை கட்டியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கத்து மணலில் மீன் செதில் கலந்த எச்சம், புதிய கால்தடங்கள். இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவை வருகின்றன, வலை வரைக்கும் வந்துதான் திரும்பிப் போகின்றன.

வலை பத்துமலைப் பெரியப்பாவுடையது. தொழிலாளர் லைன் வீடுகளின் கோடியில் லோரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர்.

"பெரியப்பா, ரெண்டு சாயங்காலம் மட்டும் வலைய எடுத்துருங்க."

"என் வலைய கிழிக்கிறதே அதுங்கதான். அதுங்களுக்கு நான் வழி விடணுமா? போம்மா, வேலை கிடக்கு."

கத்தரித்து எடுத்த பச்சை நைலானை அவர் முன்னால் வைத்தாள். "இது அது கால்ல இருந்துச்சு."

பத்துமலை அதைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டாம் சாயங்காலமும் வீணாகப் போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்தவர் வலையில் கை வைக்கவில்லை. அவரிடம் மறுபடி கேட்பதற்காக உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னபடி அப்பா கூண்டையும் அங்கேயே கொண்டுவந்து புல்லுக்குள் வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். நாலு மணிக்குச் சோறு கொண்டுவந்த அம்மா கலாதேவி, "வெயில்ல கருகிப் போயிருவடி," என்றாள்.

"பெரியப்பா வர்ற வரைக்கும் வர மாட்டேன்ம்மா."

ஆறு மணிக்கு மீன் எடுக்க வந்த பத்துமலை அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னும் இங்கதான் இருக்கியா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஆற்றில் தலைகள் தெரிந்தன. ஐந்து. வரிசையாக நீந்தி வலை வரைக்கும் வந்தன. பெரியது ஒன்று பாதி உடம்பைத் தூக்கி நின்று கூப்பிட்டது. இந்தப் பக்கம் புல்லுக்குள் இருந்து சுழி பதில் சொன்னது. அது கூப்பிட, இது கூப்பிட, நடுவில் வலை.

தலைகள் தண்ணீருக்குள் மறைந்தன. பத்துமலை சிலிப்பரைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு பக்கமும் கயிற்றை அவிழ்த்து வலையைச் சுருட்டிக் கரையேறினார்.

அப்பா கூண்டைத் திறந்தார். வெளியே வந்த சுழி தண்ணீருக்குப் போகவில்லை, நேராக தினேஸ்வரியிடம் ஓடியது. அவள் பூட்ஸ்மேல் ஏறி அண்ணாந்து பார்த்து விசிலடித்தது. மறுபடி அடித்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டை மடித்துக் கடித்தபடி நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

"பொறுத்துக்கம்மா," என்றார் அப்பா மெதுவாக.

பெரிய நீர்நாய் கரைக்கு வந்தது. மனிதர்களைப் பார்த்துச் சீறியது. சுழி திரும்பி அந்த வாசனையை முகர்ந்தது. பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் இறங்கிப் போனது. தாய் அதன் பிடரியைக் கவ்விக்கொள்ள, ஆறு தலைகளும் ஆற்றுக்குள் போயின.

பத்துமலை சுருட்டிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கும் வலை போட மாட்டேன். போதுமா?"

தினேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு மட்டுமா பெரியப்பா?"

"என்ன புள்ளடா இது," என்று அவர் கோகிலனைப் பார்த்தார்.

"என்னையப் பாக்காதீங்க அண்ணே," என்றார் கோகிலன். "அவகிட்டயே பேசிக்குங்க."

அடுத்த வாரம் பத்துமலை வலையைத் தோட்டத்துப் பின்பக்கக் குட்டைக்கு மாற்றிக் கட்டினார். தினேஸ்வரி சைக்கிளில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.