மஸ்கட்டுக்குப் போக வேண்டிய மாத்திரை

பதினெட்டு நாளைக்கு முன்பு மஸ்கட்டுக்கு அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை காலையில் குரும்பலூருக்கே திரும்பி வந்தது. பானுப்ரியா வாசலில் நின்றபடியே டேப்பைக் கிழித்தாள். இட்லிப் பொடி, எள்ளுருண்டை, ஒரு பவுடர் டப்பா. டப்பாவுக்குள் அவள் ஒளித்து வைத்த அறுபது மாத்திரைகளும் அப்படியே இருந்தன.

“உள்ள மருந்து இருந்திருக்குங்க. டாக்டர் சீட்டு, பில்லு ஒண்ணும் வைக்கல. அந்த ஊரு கஸ்டம்ஸ்ல திருப்பிட்டாங்க,” என்றார் கூரியர்காரர்.

சீட்டை அவள் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. பார்சல், அவள் கணவன் வேலை பார்க்கும் கம்பெனியின், ஆட்கள் தங்கும் கேம்ப் ஆபீசுக்குப் போகும். அங்கே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பார்கள். கணவன் பூவரசனுக்கு வலிப்பு இருப்பது கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவன் பயந்தான். அங்கே டாக்டரிடம் போகாததும் அதனால்தான். இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினால் விஷயம் ஆபீசுக்குப் போய்விடும்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

“இன்னும் எத்தன மாத்திர இருக்கு?”

“நாலு. ஒரு வாரமா காலைல போடாம ராத்திரிக்கு மட்டுந்தான் போடுறேன். நீ எப்படியாச்சும் அனுப்பு பானு. டூட்டிக்கு நேரமாச்சு.”

ஒரு வாரமா. ஊரில் இருந்தபோது ஒரு தடவை இரண்டே நாள் மாத்திரை விட்டுப்போய், வயலில் மோட்டார் கொட்டகை பக்கத்தில் விழுந்து கிடந்தான்.

பெரம்பலூர் தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகவே சொன்னார். டாக்டர் சீட்டு, மருந்து பில், ஆதார் நகல் எல்லாம் வைத்தால் அனுப்பலாம். ஆனால் போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும். அங்கே கஸ்டம்ஸில் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

“ரெண்டு நாள்ல போவணுங்க.”

“அதுக்கு யாராச்சும் போற ஆளுகிட்டதாம்மா குடுத்து விடணும்.”

போகிற ஆள் ஒருவர் இருந்தார். பூலாம்பாடி காசிநாதன். லீவு முடிந்து அன்று மாலை திருச்சியிலிருந்து மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார் என்று தெருவில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. பஸ்ஸைப் பிடித்து அவர் வீட்டை அவள் கண்டுபிடித்தபோது மணி ஒன்று. பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

அவள் நீட்டிய டப்பாவை அவர் கையில் வாங்கவில்லை.

“இதுல என்னம்மா இருக்கு? தெறந்து காட்டு.”

காட்டினாள். டாக்டர் சீட்டையும் எடுத்து வைத்தாள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடுத்தவன் மாத்திரைய நான் கொண்டுபோயி மாட்டுனா, என்னைய யாரு வெளிய எடுப்பா?”

“அண்ணே, உங்க கால்ல விழறேண்ணே. அவருக்கு வலிப்பு. மாத்திர தீந்துபோச்சு.”

“அங்க என்ன வேல பாக்குறாரு?”

“கிரேன் ஓட்டுறாரு.”

காசிநாதன் கயிற்றைக் கீழே போட்டார். “கிரேனா? மேல ஏறி ஒக்காந்து ஓட்டுற கிரேனா?”

“ஆமாண்ணே.”

“நான் என்ன வேல பாக்குறேன் தெரியுமா? கிரேனுக்குக் கீழ நின்னு கொக்கி மாட்டுறேன். மேல இருக்குறவன் கைய நம்பித்தாம்மா நான் தலைய நிமுத்தாம வேல செய்றேன்.” அவர் குரல் உயரவில்லை. “இன்னைக்கும் ஏறியிருக்காரா?”

ஆமென்று தலையசைத்தாள்.

“நான் கொண்டுபோனாலும் நாளைக்குத்தான் அவரு கைக்குக் கெடைக்கும். அதுவரைக்கும்?”

அதை அவள் யோசித்ததே இல்லை. பார்சலையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் விழுவான் என்று பயந்தாள். கீழே நிற்பவர்களை நினைக்கவில்லை. இப்போது முகம் தெரியாத நாலைந்து பேர் அண்ணாந்து பார்க்காமல் வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கேயே நின்று பூவரசனுக்குப் போன் செய்தாள். மூன்றாவது முறைதான் எடுத்தான். கீழே இறங்கி சூப்பர்வைசரிடம் சொல்லச் சொன்னாள்.

“பைத்தியமா உனக்கு? வாய மூடிட்டு மாத்திரைய அனுப்புடி,” என்று துண்டித்துவிட்டான்.

அவசரத்துக்கு என்று சூப்பர்வைசர் நம்பரை அவனே ஒருமுறை கொடுத்திருந்தான். அதை எடுத்து வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அழுத்தினாள். எடுத்த சூப்பர்வைசர் மலையாளி. தமிழ் புரிந்தது.

“சார், பூவரசன் சம்சாரம் பேசுறேன். அவர உடனே கீழ எறக்குங்க சார்.” மீதியையும் சொன்னாள்.

அன்றே இறக்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த டாக்டரே மாத்திரை எழுதிக் கொடுத்தார். காசிநாதன் வெறும் எள்ளுருண்டையை மட்டும் கொண்டுபோனார். பூவரசன் ஒன்பது நாள் போன் எடுக்கவில்லை. பத்தாம் நாள் அவனே கூப்பிட்டான்.

“ஸ்டோர்ல போட்டுருக்காங்க. இனிமே கிரேன் கெடையாது. ஆறு வருஷமா கத்துக்கிட்ட வேல பானு.”

“கோவமா?”

“கோவந்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “என்னய எறக்குன மறுநாள் காலைல பத்து மணிக்கு வலிப்பு வந்துருச்சு. கேம்ப் ரூம்ல, பாயில படுத்திருக்கறப்ப.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நீ சொல்லலேன்னா அந்நேரம் மேல இருந்திருப்பேன்,” என்றான்.