ஓரத்து நெளிவு

அண்ணன் அந்தக் கேமராவையும் கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோகாமல், எடை பார்ப்பவன்போலச் சற்று நேரம் ஏந்தியிருந்துவிட்டுக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். கடைக்காரப் பெண் அலுத்துக்கொள்ளவில்லை. தலைமுடியைத் தூக்கிக் கட்டி, லென்ஸ் துடைக்கும் துணியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கேமராவைப் பற்றியும் தான் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலக் குறையையும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இது படம் அருமையாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகி அணைந்துவிடும். அதற்குள்ளே குட்டி விசிறி இருக்கிறது, நாள்பூராவும் தாங்கும், கனம்தான் கொஞ்சம். அந்த மூலையில் இருப்பதற்குப் படம் பதிகிற சென்சார் சின்னது, பைக்குள் போட்டுக்கொண்டு ஓடலாம், வெளிச்சம் குறைந்தால் மட்டும் படம் மணல் தூவினாற்போல ஆகிவிடும்.

தங்கைக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. அவள் எடிட்டிங் செய்பவள். ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சார் வேண்டும். நிறம் டென் பிட்டில் பதிவாக வேண்டும்; இல்லாவிட்டால் நிறம் திருத்தும்போது வானம் பட்டை பட்டையாக உடைந்துபோகும். பழைய கேமராவோடு இத்தனை வருடம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதையெல்லாம் அவள் கேட்டு முடித்ததும், அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"கை ஆடினாலும் படத்துல தெரியாத மாதிரி எது இருக்கு?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் அவனை 'முக்காலி' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் முக்காலி ஸ்டாண்டை விரித்து, திருகாணியை முடுக்கி, மட்டம் பார்ப்பதற்குள் இவன் மூச்சை அடக்கிக்கொண்டு வெறும் கையாலேயே எடுத்து முடித்துவிடுவான். படமும் அடித்து வைத்த ஆணிபோல நிற்கும். ஆட்டத்தைச் சமாளிக்கும் கேமராக்கள் புதிதாக வந்தபோது, அதெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவனுக்கு ஊன்றுகோல் என்று கேலி செய்தவன்.

"என்னண்ணா, முக்காலிக்கு வயசாயிடுச்சா?" என்றாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கடைக்காரப் பெண் விசிறி வைத்த கேமராவையே எடுத்துக் காட்டினாள். உள்ளே சென்சார் மிதந்துகொண்டிருக்கும், கை இந்தப் பக்கம் அசைந்தால் அது அந்தப் பக்கம் அசைந்து சரிகட்டிவிடும் என்றாள். அண்ணன் அதை வாங்கி எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடையின் பலகையை நோக்கிப் பிடித்தான். திரையில் எழுத்துகள் ஒட்டி வைத்தாற்போல நின்றன.

"ஆஃப் பண்ணிக் காட்டட்டுமா சார்? அப்பத்தான் வித்தியாசம் புரியும்."

"வேணாம், வேணாம். இதையே போட்டுடுங்க."

வெளியே வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்த அவசரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். லென்ஸை அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டான். பதினாறிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர்வரை போகிற, எண் குறையக் குறையக் காட்சி அகலும் வைடு லென்ஸை அவள் எடுத்தாள். அவர்களுடைய வேலைக்கு அதுதான் சரி. ஒரு பெரிய நிறுவனம் ஆற்றோரம் எழுப்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தை அடித்தளம் தோண்டிய நாளிலிருந்து அவர்கள் மாதாமாதம் படம்பிடித்துக் கொடுத்துவந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை ஒரே சட்டத்துக்குள் அடக்க அகலம் வேண்டும்.

புதுக் கேமராவில் எடுத்த முதல் படங்களை, அண்ணன் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில், திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் ஓடவிட்டாள். நிறம் அள்ளிக்கொண்டு போயிற்று. கான்கிரீட்டின் சாம்பலில் இத்தனை சாம்பல்கள் உண்டா என்றிருந்தது. வானம் உடையவில்லை. நடுவில் நின்ற கிரேன் இம்மி பிசகவில்லை. மறுபடி ஓடவிட்டபோதுதான் ஓரத்தைக் கவனித்தாள். வலதுகோடித் தூண் நெளிந்தது. இடதுகோடிக் கம்பிகள் மீன்தொட்டிக்கு அந்தப்பக்கம் இருப்பவைபோல வளைந்து வளைந்து நிமிர்ந்தன. நடுவே எல்லாம் உறைந்து நிற்க, நாலு மூலைகள் மட்டும் உயிருள்ள ஏதோ ஒன்றின் தோலைப்போலச் சிலிர்த்துக்கொண்டிருந்தன.

அவளால் முடிந்த மட்டும் ஓரங்களை வெட்டி அனுப்பினாள். நிறுவனத்து மேலாளர் விடவில்லை. போனில் வந்துவிட்டார்.

"என்ன மேடம், கட்டடம் ஆடுற மாதிரி இருக்கே? இதைப் பாத்துட்டு எவன் வீடு வாங்குவான்?"

அண்ணனிடம் சொன்னாள். அவன் திரையைப் பார்க்காமலே, "லென்ஸ்ல கோளாறு இருக்கும். மாத்திட்டாப் போச்சு" என்றான்.

கேமராவையும் லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டு அவள் தனியாகக் கடைக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். கடைக்காரப் பெண் படத்தைக் கடைக் கணினியில் ஓடவிட்டு, மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வண்டியில போய்க்கிட்டே எடுத்ததா மேடம்?"

"இல்லையே. நின்னுக்கிட்டு எடுத்தது."

"நின்னுக்கிட்டா?"

கடைக்காரப் பெண் இன்னொரு தடவை ஓடவிட்டாள். பிறகு அந்தக் கேமராவையே எடுத்துக்கொண்டு கடை நெடுக நடந்தாள். படியிறங்கி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். அவள் எடுத்ததில் மூலைகள் லேசாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்குத்தான் அசைந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"லென்ஸ்ல ஒண்ணும் இல்ல மேடம். வைடு லென்ஸ் போட்டு, உள்ள சென்சார் ரொம்பப் பாடுபட்டா ஓரம் இப்படி நெளியும். இந்த அளவுக்குன்னா…" அவள் சட்டைப் பையிலிருந்த துணியை எடுத்தாள். துடைக்க எதுவுமில்லாமல் மடித்தாள். "அன்னைக்கு வந்தாரே, அவரா எடுத்தது?"

"எங்க அண்ணன்."

கடைக்காரப் பெண் தலையசைத்தாள். அன்றைக்கு ஏன் ஆஃப் செய்து காட்ட வேண்டாமென்றான் என்பது இருவருக்கும் ஒரே நொடியில் புரிந்ததுபோலிருந்தது. கடையின் குளிர்சாதனம் முனகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. அவள் கேட்டது வேறு.

"இது தெரியாம இருக்க எந்த லென்ஸ் போடணும்?"

"அகலத்தைக் குறைச்சா ஓரம் நெளியாது. முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் ஒண்ணு இருக்கு, லென்ஸுக்குள்ளயும் ஆட்டத்தைச் சரிபண்ணும். ரெண்டும் சேந்தா என்ன ஆட்டமும் வெளிய வராது. ஆனா மேடம்…"

"அதைக் குடுங்க."

அண்ணன் வீட்டுக்குத் திரும்பியபின் அவளுக்குக் கண் திறந்துகொண்டது. அண்ணன் தாடி வளர்ப்பதை ஸ்டைல் என்று நினைத்திருந்தாள். பொத்தான் வைத்த சட்டைகள் கொடியில் காய்ந்து எத்தனை நாளாயிற்று? எந்நேரமும் தலைவழியே மாட்டுகிற பனியன் சட்டைதான். அண்ணி அவனுக்கு மட்டும் அரை டம்ளர் காப்பி ஊற்றினாள். ஏன் அரை என்று கேட்டதற்கு, "உங்க அண்ணன் இப்பல்லாம் அப்படித்தான் கேக்கறாரு. ஆறிப்போவுதாம். ரெண்டு தடவையா குடிச்சுக்கறாராம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு களங்கமும் இல்லை. தங்கை தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் மொட்டைமாடிக்குப் போய் லென்ஸை அவன் மடியில் வைத்தாள்.

"இனிமே ஓரம் நெளியாது."

அவன் டப்பாவைத் திறக்கவில்லை. "கடைக்காரப் பொண்ணு என்ன சொன்னா?"

"பழைய லென்ஸ்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னா."

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். சிறுபிள்ளை திருடிய பண்டத்தை ஒளிப்பதுபோல இருந்தது அது. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"எப்பலேர்ந்து?"

"குளிர்ல ஆரம்பிச்சுது. குளிருன்னுதான் நெனச்சேன். வெயில் வந்தும் போவல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். ஒரு பேரு சொன்னாரு. அந்தப் பேரை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர வேணாம்னுதான் வாசல்லயே விட்டுட்டேன்."

"அண்ணிக்குத் தெரிய வேணாமா?"

"மேல்தளம் போட்டு முடியட்டும் வாலு. அந்த ஒரு ஷூட். எடுத்துக் குடுத்துட்டு நானே சொல்லிடறேன். அப்புறம் நீ கேமராவைத் தூக்கு, நான் உன் சீட்ல உக்காந்துக்கறேன்."

"இதையும் நானே தூக்கறேன். நான் ஏறறேன் மேல."

"நீயா?" அவன் நிஜமாகவே சிரித்தான். "பால்கனியில நின்னு துணி காயப்போடவே செவுத்தைப் பிடிச்சுக்கற ஆளு."

அது உண்மைதான். உயரம் என்றாலே அவளுக்குக் காலில் இருக்கும் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். மாட்டேன், கூடாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். படியிறங்கிப்போய் அண்ணியிடம் ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் டப்பாவைப் பிரித்து லென்ஸைக் கேமராவில் மாட்டி, அவனிடம் நீட்டி, "எங்க, ஒண்ணு எடு, பாக்கலாம்" என்றாள். அவன் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தான். வலது கை, தன்பாட்டுக்கு, எதையோ எண்ணிக்கொண்டிருப்பதுபோலக் கட்டைவிரலால் ஆட்காட்டி விரலை உருட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் கேமரா ஏறியது. திரையில் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி அசையாமல் நின்றது. மூலைகளும்தான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவளுக்குப் பயமாக இருந்தது.

மேல்தள வேலை நடந்த அன்று காலையில் காற்று பலமாக இருந்தது. அவளும் கூடப் போனாள். நிறுவனத்து ஆட்கள் கீழேயிருந்தே பார்க்கவேண்டும் என்பதால் கம்பியில்லாமல் படம் வருகிற சின்ன மானிட்டர் ஒன்றை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். வெளிச்சுவரை ஒட்டி மேலேறும் கூண்டு லிஃப்டின் முன்னால், பாதுகாப்பு பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் இடுப்புவார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாருக்கு அவர் கை நீட்டியபோது, "நானே போட்டுக்கறேன்ணே, புதுசா என்ன" என்று முதுகைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய முழங்கை மட்டும் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கொக்கியை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. அவள் வாயைத் திறந்தாள்.

"போன தடவை மறுபடி எடுத்து அனுப்பினது பிரமாதம் மேடம்," என்றார் பக்கத்தில் வந்து நின்ற மேலாளர். "ஆடாம அசையாம, கல்லு மாதிரி நின்னுது."

"தேங்க்ஸ் சார்" என்றாள். அதற்குள் கூண்டு ஏறத் தொடங்கிவிட்டது.

மானிட்டரில் மேல்தளம் வந்தது. கம்பி வலை, கான்கிரீட் குழாய், மஞ்சள் தொப்பிகள். அண்ணன் பொறுமையாக எடுத்தான். ஒவ்வொரு காட்சியும் வெண்ணெயில் இழுத்த கத்திபோலப் போயிற்று. மேலாளர் அடிக்கடி "ஆகா" என்றார். பிறகு, தளத்தின் விளிம்பிலிருந்து ஆற்றைக் காட்டுகிற காட்சி. அவர்தான் அதை வேண்டுமென்று கேட்டிருந்தார். படம் விளிம்பை நோக்கி நகர்ந்தது. தடுப்புக் கம்பி பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் இடுப்புவாரின் மறுநுனிக் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டுவது தெரிந்தது. கொக்கி முதல் முறை வழுக்கியது, இரண்டாம் முறையும். அப்புறம் கம்பியில் மாட்டிக்கொண்டது. கம்பிக்கு அப்பால் ஆறு, பாலம், புள்ளிகளாக வண்டிகள்.

படம் சட்டென்று சரிந்து, வானத்தைச் சுழற்றி, நின்றது.

மேலேயிருந்து யாரோ கத்தினார்கள். காற்றில் வார்த்தை பிடிபடவில்லை. பாதுகாப்பு பார்ப்பவர் கூண்டை நோக்கி ஓடினார். "என்னாச்சு, என்னாச்சு?" என்றார் மேலாளர். அவள் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையைத் தூக்கிக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். அவள் மானிட்டரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

படம் அசைவற்று இருந்தது. எந்தக் கையில் இருந்தாலும், எந்தச் சென்சார் சரிகட்டினாலும், படத்தில் மூச்சளவுக்காவது ஓர் அலைவு மிச்சமிருக்கும். எத்தனையோ வருடமாகப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. இதில் அதுகூட இல்லை. கேமரா யார் கையிலும் இல்லை. தரையில் கிடக்கிறது. சட்டத்துக்குள் சாய்வாகத் தடுப்புக் கம்பி, அதற்குப் பின்னால் வெறும் வானம், கம்பியில் மாட்டிய கொக்கி. கொக்கியிலிருந்து வார் விறைப்பாகக் கீழே வந்து சட்டத்தின் விளிம்பில் மறைந்தது. அந்த விளிம்புக்குக் கீழே இருப்பது தளமா, ஆகாயமா என்று முப்பத்தைந்து மில்லிமீட்டரில் தெரியவில்லை. கொஞ்சம் அகலமான லென்ஸாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கூண்டு கிறீச்சிட்டு மேலேறத் தொடங்கியது. அவள் மானிட்டரை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். மற்றதெல்லாம் கல்லாக நின்ற அந்தப் படத்தில், வார் மட்டும், மிக மெல்லிதாக, நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.